வாசகர் கேள்வி: "நான்தான் ஊசி போட வைத்தேன்"

கொரோனா ஊசி போட்டுக்கொண்ட கதையை, போடாமல் விட்ட கதையையும்தான், எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். நிறைய வந்தது. கதையாக வந்ததைவிட மனசில் கிடந்து உறுத்துகிற கேள்வியாக வந்ததுதான் அதிகம். இந்த இதழில் அவற்றில் சில.

மாமனாருக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. 2021 ஏப்ரலில் ஊசி வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தவரை நான்தான் பேசிப் பேசி ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். கோவிஷீல்டு, இரண்டு டோஸும் ஆயிற்று. டிசம்பரில் மாரடைப்பில் இறந்துவிட்டார். 2024-ல் ரத்தம் உறைகிற செய்தி டிவியில் ஓடியபோது நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. நான் தப்பு செய்துவிட்டேனா?
*வாசகி, கரூர்*

இல்லைம்மா.

அந்தச் செய்தியில் இருந்தது என்ன என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் டிவியில் தலைப்பு மட்டும்தான் ஓடியது. பிரிட்டனில் போடப்பட்ட ஒரு வழக்கில், எங்கள் ஊசியால் மிக அரிதாக டிடிஎஸ் என்கிற பாதிப்பு வரலாம் என்று ஆஸ்ட்ராஜெனிகா கம்பெனி எழுத்தில் ஒத்துக்கொண்டது. நம்ம ஊர் கோவிஷீல்டு அதே ஊசிதான், புனேயில் தயாரானது. ஆனால் இது 2024-ல் திடீரென்று வெளியே வந்த ரகசியம் கிடையாது. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைச் சொல்லிவிட்டது, பிரிட்டனிலும் முதலில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அப்புறம் 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் வேறு ஊசி கிடைத்தால் அதைப் போடச் சொன்னார்கள். டிடிஎஸ் என்றால் ரத்தம் கட்டுவதும், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களின் எண்ணிக்கை சரிவதும் சேர்ந்து நடப்பது. வந்தால் ஊசி போட்ட சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் வரும். பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகுதான்.

உங்கள் மாமனார் இரண்டாவது டோஸும் போட்டு, மாதக்கணக்கில் நடமாடி, டிசம்பரில் போயிருக்கிறார். சுகரும் பிரஷரும் இருந்த உடம்பு. நான் டாக்டர் இல்லை, அதனால் ஒன்று செய்யுங்கள்: பழைய ரிப்போர்ட், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்த டாக்டரிடம் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வாயால் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும், டாக்டர் சொல்லி அவர் காதால் கேட்கட்டும். அப்புறம், அந்தப் பார்வைக்கு நீங்கள் நினைக்கிற அர்த்தம்தானா என்பதும் அவரிடம் கேட்டால்தான் தெரியும். அப்பாவைப் பறிகொடுத்த மகள், டிவியில் அப்படி ஒரு செய்தி வந்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் பயப்படாமல் போட்டுக்கொண்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
*வாசகர், தேனி*

பயந்தேன். பயந்ததோடு நிற்காமல் அம்மாவையும் போட விடாமல் வைத்திருந்தேன். இதை இதற்கு முன்னால் எழுதியதில்லை.

அம்மாவுக்கு அப்போது 64. 2021 மார்ச் 1 முதல் 60 தாண்டியவர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள், தனியாரில் 250 ரூபாய். கூட்டம் குறையட்டும், வெயில் தணியட்டும் என்று ஒரு மாதத்தைக் கடத்தினேன். கடைசியில் ஏப்ரல் 19, திங்கட்கிழமை போகலாம் என்று முடிவானது. 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் போய் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டி கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடிகாலையில் போய்விட்டார். இதயத்துக்குப் போகிற முக்கியமான ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள்தான். அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையே சொன்னது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அக்டோபர் தெரியுமா? "திங்கட்கிழமை வேண்டாம்மா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். அம்மா "சரிப்பா" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டு ஆலோசனைக் கூட்டம்.

மே முதல் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். ஐந்தாவது நாள் ஆக்சிஜன் அளவு 86. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். வாசலில் வரிசையாக நின்ற ஆம்புலன்ஸ்களில் எங்களுடையதும் ஒன்று, உள்ளே படுக்கை கிடைக்க ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரமும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: ஏப்ரல் 19 போட்டிருந்தால் இன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு டோஸ் மூன்று வாரத்தில் எவ்வளவு காப்பாற்றியிருக்கும், எனக்குத் தெரியாது. ஆனாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

அம்மா பிழைத்து வந்தார். தொற்று வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி போட வேண்டும் என்று அப்போது விதி. அதற்குள் எனக்கு முறை வந்தது. மே 1 முதல் 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் என்று அறிவித்தார்களே ஒழிய, ஊசி எங்கே இருந்தது? போனில் ஓடிபி வருவதற்குள் ஸ்லாட் போய்விடும். ஜூனில் ஒருநாள் காலை ஐந்தரைக்கே போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினேன், எனக்குப் பின்னால் பதினைந்து பேர் தள்ளி "ஸ்டாக் இல்லை" போர்டு. ஊசி போட்ட ராத்திரி குளிர்காய்ச்சல், கை தூக்க முடியவில்லை, இரண்டு நாள் பாராசிட்டமால். அதோடு சரி.

அம்மா செப்டம்பர் 12 மெகா முகாமில், பக்கத்து ஸ்கூலில் போட்டுக்கொண்டார். நர்ஸ் "பயமா இருக்காம்மா?" என்று கேட்டதற்கு சின்ன வயதில் அம்மைக்குக் குத்திய தழும்பைக் காட்டினார். "அப்ப யாரும்மா எங்களைக் கேட்டாங்க? பள்ளிக்கூடத்துக்கு வந்து குத்திட்டுப் போயிட்டாங்க." (ஒரு காலத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் அம்மைக்கான மருந்தைத் தயாரித்தார்கள். கொரோனாவில் அதே வளாகம் சிகிச்சை மையமானது.)

ஊசி போட்டால் கறி தின்னக் கூடாது, சரக்கு அடிக்கக் கூடாது என்று கிளப்பிவிட்டது யார்?
*வாசகர், மதுரை*

யாரென்று தெரிந்தால் நானும் ரெண்டு வார்த்தை கேட்பேன். கறிக்கும் ஊசிக்கும் ஒரு பகையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு இருந்த பலத்தைப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தால் கறியும் குடியும் கெட்டுப்போகுமே என்று ஆட்கள் வருவதில்லை என, 2021 அக்டோபரில் மெகா முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் ஊசி போட்டால் பிரியாணி, குலுக்கலில் பரிசு என்று தன்னார்வலர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் வந்தது. பிரியாணியில் இருந்தது கறிதானே?

நான் ஒரு ஊசியும் போடவில்லை. கல்லு மாதிரி இருக்கிறேன். போட்டவர்களுக்கும் கொரோனா வந்ததே, இதற்கு என்ன பதில்?
*வாசகர், ஈரோடு*

வந்தது, நிஜம். ஓமிக்ரான் வந்தபோது 2 டோஸ் போட்டிருந்த எனக்கும் வந்தது. ஊசி போட்டால் தொற்றே வராது என்று ஆரம்பத்தில் சிலர் அள்ளிவிட்டது தப்பு, அந்த வாக்கு பொய்த்ததும் மொத்த ஊசியும் பொய் என்று ஆகிவிட்டது. அது செய்த வேலை வேறு, நோய் முற்றி ஐசியூ வரைக்கும் போகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. எனக்கு மூன்று நாள் தொண்டை வலி, மிளகு ரசம், தூக்கம். நீங்கள் நன்றாக இருப்பதில் சந்தோஷம். அதை வைத்து உங்கள் வீட்டில் சுகர் இருக்கிற யாருக்காவது ஊசி வேண்டாம் என்று யோசனை சொல்லியிருந்தால் மட்டும்தான் எனக்கு உங்களோடு சண்டை.

அந்தத் தடுப்பூசி சான்றிதழை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?
*வாசகி, நாகர்கோவில்*

போனில் ஒரு பிரதி கிடக்கட்டும், இடத்தை அடைக்காது. எங்கள் அம்மா லேமினேட் பண்ணி ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். சாவி அவரிடம்.