சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே நிறம் அடிக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் 10-க்கு 10, உயரம் 9 அடி. ஒரே ஒரு ஜன்னல். சுவரோடு சீலிங்கையும் வெளிர் பச்சையாக அடிக்க மகள் ஆசைப்படுகிறாள். "சீலிங் வெள்ளையாக இல்லாவிட்டால் அறை இருட்டாகிவிடும்" என்கிறார் பெயின்டர். என்ன செய்வது?

பதில்: மகள் ஆசைப்படியே அடியுங்கள். வெள்ளை சீலிங் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும், பெயின்டர் சொல்வதில் அந்த அளவு உண்மை இருக்கிறது. ஆனால் சின்ன அறையில் பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும் கோட்டில்தான் கண் போய் முட்டும். ஒரே நிறமாக இருந்தால் அந்தக் கோடே இல்லை, அறை உயர்ந்த மாதிரி இருக்கும். பழைய வீட்டு மூலைகளின் கோணலும் மறைந்துவிடும்.

ஆனால், சுவரில் வெளிறித் தெரியும் நிறம் சீலிங்கில் அடர்த்தியாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் மேலே நேராக விழாததுதான் காரணம். அதனால் ஒரு அட்டையில் இரண்டு கோட் அடித்து, சீலிங்கில் டேப் போட்டு ஒட்டி, காலையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். கனமாகத் தெரிந்தால் கலர் கார்டில் ஒரு படி வெளிறிய ஷேடுக்குப் போய்விடுங்கள். சுவர், சீலிங் இரண்டுக்குமே துடைக்கக்கூடிய மேட் எமல்ஷன் போதும். பளபளப்பு இருந்தால் ரோலர் தடம் ஒவ்வொன்றும் தெரியும்.

உங்கள் பக்கத்தில் நிறத்தைவிட எனக்குக் கவலை ஓதம்தான். உள்ளங்கையைச் சீலிங்கில் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்தால் பெயின்ட் ஏடு ஏடாக உரியும். உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் மொட்டைமாடி விரிசல்தான். பச்சையில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். மரக்கட்டை போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் பட்டியும் (சமப்படுத்தப் பூசும் மாவு) எமல்ஷனும் வேண்டாம். சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடியுங்கள், ஈரம் வெளியேற வழி இருக்கும். வேலையைப் பொங்கலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் சுவர் காயவே காயாது.

சுவர் 360 சதுர அடி, சீலிங் 100. கதவு, ஜன்னலுக்குச் சுமார் 40 கழித்தால் 420. எமல்ஷன் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் கணக்குப்படி மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பக்கெட்டில் கலந்துவிடுங்கள். தனித்தனியாகக் கலக்கி வாங்கினால் நிறம் மயிரிழை மாறும். மிச்சத்தை இறுக்கி மூடி, மூடிமேல் ஷேடு நம்பரை எழுதி வையுங்கள். ஃபேன் கொக்கியைச் சுற்றித் தொட்டுவிட அது தேவைப்படும்.