எங்கள் பகுதியில் டெங்கு பரவுகிறது. புகை அடித்துவிட்டுப் போவதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. அரசை அவசர நடவடிக்கை எடுக்க வைக்க மக்கள் என்ன செய்யலாம்?

"உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதி மனு கொடுத்தால், உடனடியாக வருவது புகை மெஷின்தான். சத்தம் கேட்கும், தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடும், போட்டோ எடுக்கவும் வசதி. ஆனால் புகையில் சாவது பறக்கிற கொசு மட்டும். தொட்டியில் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பதால் அடுத்த வாரமே புதுக்கொசு கிளம்பிவிடும். ஆகவே மனுவில் என்ன கேட்கிறீர்கள், மனுவோடு எதை இணைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூருக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஊரில் ஜுரம் பரவினால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசியில் நாலு மழை பெய்து ஓய்ந்ததும் ஆரம்பிக்கும். "ணா, பையனுக்கு ஜொரம், கண்ணு பின்னால வலிக்குதுன்றான், மூணு வேளைக்கு செட் போட்டுக் குடுணா." செட் என்றால் ஜுர மாத்திரை, வலி மாத்திரை, கூட ஒரு கேஸ் மாத்திரை. அந்த வலி மாத்திரைதான் வில்லங்கம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் டெங்குவில் தரக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும் தந்து, "நாளைக்கே ஜி.எச். கூட்டிக்கிட்டுப் போம்மா" என்றால், "கூலி போயிடும்ணா" என்று பதில் வரும்.

இப்படி வருகிறவர்களில் பாதிப்பேர் டாக்டரையே பார்ப்பதில்லை. மீதிப் பேர் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் தனியார் லேபில் ரேபிட் கார்டு டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்று சீட்டோடு வருவார்கள். அரசுக் கணக்கில் அது டெங்கு இல்லை. எலிசா என்கிற லேப் ரத்தப் பரிசோதனையில் உறுதியானால்தான் டெங்கு. ஆக, ஒரு தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தாலும் ரெஜிஸ்டரில் பூஜ்யம் என்றே இருக்க முடியும். போய்க் கேட்டால், "எங்க ரிப்போர்ட்ல உங்க ஏரியா இல்லையே சார்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ரிப்போர்ட்டில் உண்மையிலேயே இல்லை. எண்ணிக்கையில் ஏறாத ஜுரத்துக்கு ஆளும் வராது, பணமும் வராது. உங்கள் முதல் வேலை அதை ஏற்ற வைப்பதுதான்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது நம் மாவட்டம்தான் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. 1980களில் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் வைரஸ்களை ஆராயும் வைராலஜித் துறையைக் கட்டியெழுப்பிய டாக்டர் ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் வட ஆற்காட்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்று பார்க்காமல் எல்லோரும் தாங்கள் பார்த்த தொற்றுநோயைத் தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, தனிப்படை கிடையாது. வந்த கார்டுகளைத் தொகுத்து, எந்தப் பக்கம் என்ன நோய் கூடுகிறது என்று பார்த்துத் தகவல் சொன்னார்கள். எழுதிப் போட்ட டாக்டர்களுக்கும் மாதாமாதம் ஒரு இதழ் திரும்பப் போனது. 1998ல் லான்செட் மருத்துவ இதழில் இதை வளரும் நாடுகளுக்கான முன்மாதிரி என்று எழுதினார்கள். அடுத்து கேரளாவில் கோட்டயம் மாவட்டம் எடுத்துக்கொண்டது. 2004ல் மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. துணை சுகாதார நிலைய நர்ஸுக்கு ஒரு படிவம், டாக்டருக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, வாராவாரம் அறிக்கை. இப்போது எல்லாம் ஆன்லைன். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தெருமுனை கிளினிக் அதற்குள் வராமல் நிற்பதுதான் குறை. கார்டு காலத்தில் தனியார் டாக்டர்களும் எழுதினார்கள் என்பதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். ஒரு கோடு போட்ட நோட்டு எடுங்கள். கதவு எண், வயது, ஜுரம் தொடங்கிய தேதி, எங்கே காட்டினார்கள், டெஸ்ட் எடுத்தார்களா, இவ்வளவு போதும். தொடங்கிய தேதி மட்டும் விட்டுப்போகக் கூடாது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம், எது எடுப்பது என்று அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெயர்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், அது அவரவர் வீட்டு விஷயம். இந்தப் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள், நகல் ஒன்று மாவட்ட சுகாதார அலுவலருக்கு, ஒன்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கு. 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர்க்காரர்களும் வாலாஜாக்காரர்களும் பழக்கதோஷத்தில் வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வந்து நிற்பதுண்டு. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீஸ். மனு கொடுத்து ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். தெருவிலேயே காய்ச்சல் முகாம், அங்கேயே ரத்த மாதிரி எடுத்து எலிசாவுக்கு அனுப்ப வேண்டும். சுற்றியுள்ள தனியார் கிளினிக், லேப் எல்லாவற்றிலிருந்தும் தினசரி கணக்கு வாங்க வேண்டும். தொற்றுநோயைத் தெரிவிப்பது டாக்டரின் கடமை என்று 1939ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டமே சொல்கிறது, புதிதாக ஆணை எதுவும் தேவையில்லை. வார்டு வாரியான எண்ணிக்கையை ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். இதற்குத்தான் அதிகம் தயங்குவார்கள், பீதி கிளம்பும் என்பார்கள். 2017ல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கிலேயே 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் பீதியைக் கிளப்பியது எண்ணிக்கை இல்லை, ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை சொன்னதுதான். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதோடு முகாம் முடிந்தது என்று கணக்கை மூடக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டலடிப்பது பழைய பேச்சு. பாலாறு அப்படிக் கிடப்பதால்தான் இங்கே வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமென்ட் தொட்டியும். குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று தெரியாதவரிடம் "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்றால் எப்படி நடக்கும்? கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்து புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போவார். அவர் அடுத்த வீடு தாண்டியதும், "தண்ணி நாத்தம் அடிக்குது" என்று இந்த வீட்டில் தொட்டியைக் கவிழ்ப்பார்கள். புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே தொட்டிச் சுவரில் ஒட்டி வைக்கிறது, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். கவிழ்த்தால் போதாது, உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இதை அந்தப் பணியாளரே சொல்லிக் காட்டலாம், ஆனால் ஒரு நாளைக்கு அத்தனை வீடு பார்க்கச் சொன்னால் அவர் எங்கே நின்று பேசுவார்? அதனால் தண்ணீர் விடும் நாளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், வாராவாரம் அதே வீடுகளுக்குத் திரும்பி வரும் அளவுக்கு ஆள் போட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பூட்டிய வீடு, பாதியில் நிற்கும் கட்டடம், பழைய டயர் குவித்திருக்கும் பஞ்சர் கடை இவற்றையும் எழுதிக் கொடுங்கள். நோட்டீஸ் கொடுக்கவும் அபராதம் போடவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரு மழைக்காலத்தில் இப்படி நோட்டு எழுதிக் கொண்டுபோனோம். அதற்கு முன்பு கொடுத்த வெறும் மனுக்களுக்கு வந்தது புகை மட்டும். நோட்டைப் பார்த்த அலுவலர் தேதிகளை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே வாரமா?" என்று கேட்டார். முகாம் வந்தது. நோட்டீஸ் போர்டில் எண்ணிக்கை ஒட்டுவது மட்டும் நடக்கவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் நகரும் வரை வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ஜுரம் விட்டதும் பிள்ளை தேறிவிட்டான் என்று விட்டுவிடுவார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் ஜுரம் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் பிளேட்லெட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108க்கு போன் போடுங்கள்.