பதில்: தாண்டிக்குடி வீட்டுல சாயங்காலம் ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி சத்தம்

சார், ஏப்ரல்ல இருந்து பொழுது சாயுறப்ப 'ங்ஙீ'ன்னு காது கிழியுது, ஈபி லைன் கோளாறா இல்ல பூச்சியா, மருந்து அடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. ட்ரான்ஸ்ஃபார்மர்னா ராத்திரி பகலா உறுமிட்டே கிடக்கும், இப்படி இருட்டுற நேரம் பார்த்து ஆரம்பிச்சு பட்டுன்னு நிக்காது. இது சில்வண்டு. காபிக்கு நிழலுக்கு விட்ட சில்வர் ஓக் மரத்தடிப் பட்டையைப் பாருங்க, முதுகு மட்டும் பிளந்து, காலு இன்னும் பட்டையைக் கவ்விட்டு இருக்குற பழுப்புக் கூடு ஒண்ணாவது ஒட்டிட்டு இருக்கும். மண்ணுக்குள்ள வேர்ச்சாறு குடிச்சு வருஷக்கணக்கா கிடந்த குஞ்சு மேல ஏறி வந்து தோலுரிச்சிட்டுப் போனது அது. கத்துறது ஆண் மட்டும்தான், வயித்துக்கு ரெண்டு பக்கமும் வரி வரியா ஒரு சவ்வு இருக்கு, அதை சதை உள்ள இழுத்து இழுத்து விட செகண்டுக்கு நூத்துக்கணக்குல டிக்கு டிக்குன்னு அடிக்கும், வயிறு வேற காலியா இருக்கா, சத்தம் பெருசாயிடுது.

மருந்து வேணாம் சார், உச்சாணிக் கிளைக்கு எட்டவும் எட்டாது, காபிப் பூவுக்கு வர்ற தேனீதான் சாகும். சீசன் முடிஞ்சா தானா அடங்கிரும்.

ராத்திரி பாத்ரூம்ல கத்துறது வேற ஆளு, சுவர்க்கோழி. அது ரெக்கையோட ரெக்கையை உரசுது, காது முன்னங்கால்ல இருக்கு (நிஜமாத்தான்!), நீங்க கிட்ட போனா கப்சிப். குளிர் ஏற ஏற மெதுவா கத்தும், மார்கழில கவனிச்சுப் பாருங்க. தண்ணி போற ஓட்டைக்கு ஒரு சின்ன வலை போட்டு, கதவு இடுக்கை அடைச்சிருங்க, போதும்.