சி-கிளாஸா, 3 சீரிஸா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெர்சிடிஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஆகிய இரண்டில் எதை வாங்குவது என்று இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஜெர்மன் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். விற்பனைக் கூடத்தில் பளபளக்கும் காரைவிட, உத்தரவாதம் முடிந்து தூக்கியில் ஏறும் காரைத்தான் அதிகம் பார்க்கிறேன். என் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர்: ஐயா, சி-கிளாஸில் சி200, 3 சீரிஸில் 320ஐ இரண்டும் 3 லட்சம் ரிங்கிட்டுக்கு அக்கம்பக்கத்தில்தான் வருகின்றன. சி200-க்குச் சாலை வரி மிகக் குறைவு என்று விற்பனையாளர் சொல்கிறார். ஏழாண்டு வைத்திருந்தால் எது செலவு குறைந்தது?

சாலை வரியை முதலில் ஒதுக்கிவிடுவோம். சி200-இன் இயந்திரம் 1,500 சிசிக்குச் சற்றுக் குறைவானது என்பதால் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான், 1.5 லிட்டர் மைவி என்னும் சிறிய உள்ளூர் கார் வைத்திருப்பவர் கட்டும் அதே தொகை. 320ஐ 1,998 சிசி, எனவே 379 ரிங்கிட். ஆண்டுக்கு 289 வீதம் ஏழாண்டில் வித்தியாசம் 2,023 ரிங்கிட். பெட்ரோலும் அப்படித்தான். 100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடக் குடித்தாலும், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 150 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்னும் அரசுப் பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் அது 300 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும்.

இப்போது கடனைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு 2,50,000 ரிங்கிட் கடன், 2.5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வாடகைக் கொள்முதல் கடன்களில் வழக்கமாக இருந்துவந்த நிலையான வட்டிமுறையில், கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு அல்லாமல் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஆண்டுதோறும் வட்டி போடப்படுகிறது. ஏழாண்டுக்கு வட்டி 43,750 ரிங்கிட், ஒன்பது ஆண்டுக்கு 56,250. மாதத் தவணை 3,497-இலிருந்து 2,836-ஆகக் குறைவதைக் கண்டு மகிழ்ந்து ஒன்பதாண்டுக்குக் கையெழுத்திடுபவர் 12,500 ரிங்கிட்டை விட்டுக்கொடுக்கிறார். 289 ரிங்கிட் சாலை வரிக்காக விற்பனையாளரோடு வாதாடியவரும் பெரும்பாலும் அவரேதான்.

எனவே இந்த இரண்டு கார்களில் எது மலிவு என்பதை முத்திரை தீர்மானிப்பதில்லை. எத்தனை ஆண்டு உத்தரவாதத்தோடு வாங்குகிறீர்கள், ஆறாம் ஆண்டில் யார் பராமரிக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும். பிஎம்டபிள்யூ விலைப் பட்டியலில் நீட்டித்த உத்தரவாதமும் பராமரிப்பும் சேர்ந்த விலை ஒன்று, சேராத விலை ஒன்று என இரண்டு காணப்படுவதுண்டு. குறைந்த விலையை மட்டும் பார்த்துவிட்டு மெர்சிடிஸோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும். இரண்டு நிறுவனத்திடமும் ஒரே கால அளவுக்கான உத்தரவாதத்தோடு விலை கேளுங்கள்.

பினாங்கு, தஞ்சோங் பூங்காவிலிருந்து ஓர் அம்மையார்: என் தாயாருக்கு 78 வயது, முதுகு வலி உண்டு. தண்ணீர்மலைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் பின்னிருக்கையில்தான் வருவார். என் மகன் பந்தயக் கார் தோற்றம் கொண்ட ஏஎம்ஜி லைன் வகை வேண்டும் என்கிறான். எது சொகுசு?

அம்மா, சி-கிளாஸ் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் உங்கள் மகன் கேட்கும் சி-கிளாஸ் பொருந்தாது. காரணம் டயரில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் 225/40 என்று எழுதியிருந்தால், 225 மில்லிமீட்டர் அகலத்தில் 40 விழுக்காடு, அதாவது 90 மில்லிமீட்டர், ரப்பரின் உயரம் என்று பொருள். மகன் கேட்கும் வகையின் 19 அங்குலச் சக்கரத்தில் முன்னால் இந்த அளவும், பின்னால் 255/35, அதாவது 89 மில்லிமீட்டரும் வருகின்றன. 18 அங்குலத்தில் 225/45 என்றால் 101 மில்லிமீட்டர். இடைப்பட்ட 11 மில்லிமீட்டர் விரல் அகலம்கூட இல்லைதான், ஆனால் சாலையில் வெட்டி மூடிய பள்ளத்தின் மேடு உங்கள் தாயாரின் இடுப்பை எட்டுவதற்கு முன் அதை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயராக இருந்தால் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்த டயரோடு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யவும் வழியில்லை.

ஆகவே அவாண்ட்கார்ட் வகையைச் சிறிய சக்கரத்தோடு எடுங்கள். மகனுக்கு முன்பக்கத் தோற்றம் சற்றுச் சாதுவாகத் தெரியும், பொறுத்துக்கொள்வார். இன்னொன்று, இரண்டு கார்களுமே தாழ்வானவை. தாயாரை ஒருமுறை அழைத்துப்போய், சேலையோடு பின்கதவு வழியாக ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஏற முடியாவிட்டால் இந்த இரண்டையும் மறந்துவிட்டு உயரமான காரைப் பாருங்கள்.

செந்தூலிலிருந்து ஓர் இளைஞர்: அண்ணே, வார இறுதியில் காராக் நெடுஞ்சாலை, கெந்திங் மலை என்று ஓட்டுபவன் நான். 330ஐ, சி300 இரண்டில் ஓட்டும் சுகம் எதில்?

330ஐ-யில், தம்பி. எண்களில் பெரிய வேறுபாடு கிடையாது: இரண்டும் 2 லிட்டர் டர்போ, இரண்டும் பின்சக்கர இயக்கம், இரண்டுக்கும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 330ஐ-க்கு 5.8 விநாடி, சி300-க்கு 6 விநாடி என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். அந்த 0.2 விநாடியை நீங்கள் உணரப்போவதில்லை. உணரப்போவது கெந்திங் ஏற்றத்தின் வளைவுகளில், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் காரின் மூக்கு உடனே திரும்புகிறதா என்பதை. அதில் 3 சீரிஸ் இன்றும் ஒரு படி மேல். அதன் எட்டு வேக ஸட்எஃப் (ZF) நிறுவனக் கியர்பெட்டியும் இறக்கத்தில் உங்கள் மனத்தைப் படித்ததுபோல் கியரைக் குறைக்கும். சி-கிளாஸின் ஒன்பது வேகப் பெட்டி மென்மையானது, ஆனால் அவசரப்படுத்தினால் ஒரு கணம் யோசிக்கும். ஸ்டியரிங்கில் உள்ள தொடுபொத்தான்களும், வியர்த்த விரலுக்கு, எனக்குப் பிடிக்காதவை.

நெடுஞ்சாலையின் வேக வரம்பு இரண்டு காருக்கும் ஒன்றுதான் என்பதை மட்டும் அண்ணனாகச் சொல்லிவைக்கிறேன்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு தொழில்முனைவர்: கம்பெனி பெயரில் வாங்கினால் வரியில் பெரும் தொகை மிச்சமாகும் என்கிறார்களே?

பெரும் தொகை ஆகாது. விலை 1,50,000 ரிங்கிட்டைத் தாண்டிய தனியார் வகைக் காருக்கு, மூலதனப் படி (காரின் விலையை ஆண்டுகளுக்குப் பிரித்து வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) கணக்கிட ஏற்கப்படும் செலவு 50,000 ரிங்கிட் மட்டுமே. நீங்கள் 3 லட்சம் கொடுத்திருந்தாலும் அதே 50,000தான். நிறுவன வரி 24 விழுக்காடு என்றால், எல்லா ஆண்டுகளும் சேர்ந்து மிச்சமாவது 12,000 ரிங்கிட். அதே காரை இயக்குநரான நீங்கள் சொந்தத்துக்கும் ஓட்டினால், அது நிறுவனத்திடமிருந்து பணமாக அல்லாமல் பொருளாக உங்களுக்குக் கிடைத்த பயன் ஆகிறது. வருமான வரி வாரியத்தின் அட்டவணைப்படி, 2.5 லட்சத்துக்கு மேல் 3.5 லட்சம் வரையிலான காருக்கு ஆண்டுக்கு 15,000 ரிங்கிட் உங்கள் வருமானத்தில் சேரும். உங்கள் சொந்த வரி விகிதம் 25 விழுக்காடாக இருந்தால் ஆண்டுக்கு 3,750 ரிங்கிட், நான்கே ஆண்டில் 15,000. கடன் வட்டி, காப்புறுதி, பராமரிப்பு ஆகியவற்றை நிறுவனச் செலவாகக் காட்ட வழியுண்டு என்பதால் கணக்கு முழுவதும் நட்டம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணக்காளரிடம் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

செராஸிலிருந்து: பெட்ரோலிலும், செருகி மின்னேற்றும் பேட்டரியிலும் ஓடும் 330ஈ பிளக்-இன் வாங்கலாமா? கொண்டோமினியத்தில் இருக்கிறேன், மின்னேற்ற வசதி இல்லை.

வேண்டாம். மின்னேற்றாமல் ஓட்டினால், கூடுதல் எடையையும் 480 லிட்டரிலிருந்து 375-ஆகச் சுருங்கிய பின்பெட்டியையும் சும்மா சுமந்துகொண்டு திரிவீர்கள்.

கிள்ளானிலிருந்து: ஆறாம் ஆண்டுக்குப் பிறகு பராமரிப்பு பயமுறுத்துகிறது. எதற்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும்? வெள்ளப் பகுதியில் இருக்கிறேன் என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

நம் ஊர் வெப்பத்தில் முதலில் தளர்வது குளிர்நீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களும் இணைப்புகளும்தான். அடுத்து இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்கள், எண்ணெய் கசியும் கேஸ்கெட்டுகள். இதில் இரண்டு முத்திரைக்கும் வேறுபாடு காணவில்லை. கியர்பெட்டி எண்ணெயை ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஎம்டபிள்யூவின் பெட்டியைச் செய்யும் ஸட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியில் வடிகட்டி அடித்தட்டோடு ஒட்டியே வருவதால் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

பேட்டரி தனிக் கதை. நான் முன்பு வைத்திருந்த ஒரு ஜெர்மன் காரை நிறுத்திவிட்டு மூன்று வாரம் தமிழ்நாடு போய்வந்தேன். திரும்பியபோது கதவுகூடத் திறக்கவில்லை. அவசரத்துக்கு வந்தவர் புதிய பேட்டரியைப் பொருத்தினார், ஆனால் காரின் கணினியில் அதைப் பதிவுசெய்யாமல் போய்விட்டார். நானும், இந்தத் தொழிலிலேயே இருந்துகொண்டு, அலுப்பில் பார்க்காமல் விட்டேன். பழைய பேட்டரி என்று எண்ணியே கார் மின்னேற்றியது, சில மாதங்களில் அதுவும் செத்தது. இன்றைய சி-கிளாஸில் 48 வோல்ட் அமைப்பும் கூடச் சேர்ந்திருப்பதால், பேட்டரி வேலையை, அதைக் கணினியில் பதிவுசெய்யும் கருவி வைத்திருப்பவரிடம் மட்டுமே கொடுங்கள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வழக்கமான முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும், கண்ணாடிக்கும் தனியாக. காப்புறுதித் தொகையைச் சந்தை மதிப்பில் அல்லாமல், நீங்களும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் எழுதச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய காரில் சேர்த்த உரிமை கோராக் கழிவு, உச்ச அளவான 55 விழுக்காடாக இருந்தாலும், புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: ஜப்பானில் ஓடி, அங்கிருந்து இறக்குமதியாகி வரும் ரீகண்டிஷன் சி-கிளாஸ் பல ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

காரின் நிலையைக் குறிக்கும் ஜப்பானிய ஏல அறிக்கையின் மூலத்தை, நிழற்படமாக அல்லாமல், சரிபார்க்கும் வழியோடு கொடுத்தால் யோசிக்கலாம். உள்ளூர் நிறுவனத்தின் உத்தரவாதம் அதற்கு இருக்காது. விற்பவர் தரும் உத்தரவாதம் எந்தப் பாகங்களுக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

அம்பாங்கிலிருந்து: சோதனை ஓட்டத்தில் எதைக் கவனிப்பது?

விற்பனையாளர் காட்டும் வழவழப்பான பத்து நிமிடச் சாலையை மட்டும் ஓட்டாமல், உங்கள் வீட்டு வாசலின் வேகத்தடைவரை காரைக் கொண்டுவர அனுமதி கேளுங்கள். முதல் சுற்றில் நீங்கள் ஓட்டுங்கள், இரண்டாம் சுற்றில் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் உட்காருங்கள். பிறகு வீட்டு நிறுத்துமிடத்தில் காரை விட்டு, பக்கத்துக் காருக்கும் இதற்கும் நடுவே கதவை எவ்வளவு திறக்க முடிகிறது என்று பாருங்கள். நீளத்தையும் மறக்காதீர்கள், இரண்டிலும் ஏறக்குறைய 4.7 மீட்டர். பழைய அடுக்ககங்களின் தூண்களுக்கு நடுவே அது இடிக்கும்.