அச்சா, பதிப்பா? எதைப் படிப்பது?

புத்தகப் பதிப்பு, அச்சுக்கலை படிப்புகள் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அச்சகத்திலும் பதிப்பகத்திலும் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.

பிளஸ் 2 மாணவி, பாலக்கோடு: புத்தகம் உருவாக்கும் வேலைக்குப் போக ஆசை. அண்ணா பல்கலைக்கழகத்தில் அச்சுப் படிப்பு இருக்கிறதாமே, சேரலாமா?

இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள், அம்மா. அது மை, காகிதம், இயந்திரம், நிறக் கட்டுப்பாடு, அட்டைப்பெட்டி ஆகியவற்றின் பொறியியல். எந்த நூலை வெளியிடுவது, எழுத்தாளரின் பிரதியை எப்படிச் செப்பனிடுவது என்பதெல்லாம் அங்கே மையப் பாடம் அல்ல. இரண்டும் ஒன்றே என்று நம்பிச் சேர்ந்து, பாதியில் சோர்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் பக்கம் மனம் போகிறதா, எழுத்தின் பக்கம் போகிறதா என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர், அரூர்: மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். அச்சுத் தொழில் படிக்க என்ன வழி?

சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது ஐயா. அங்கே டிப்ளமோ படிக்கலாம். முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. கையால் வேலை கற்க விரும்பும் பையனுக்கு நல்ல பாதை.

பி.ஏ. தமிழ் மாணவர், தருமபுரி: எனக்குக் கணிதம் இல்லை. பதிப்பாசிரியர் ஆக முடியாதா?

தாராளமாக முடியும், தம்பி. இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் புத்தகப் பதிப்பில் முதுநிலை டிப்ளமோ வைத்திருக்கிறது. பட்டம் பெற்றவர் எவரும் ஊரில் இருந்தபடியே அஞ்சல் வழியில் படிக்கலாம்.

சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். அச்சுக்கு முன் பிழை திருத்தப் பயன்படும் மெய்ப்புத் திருத்தக் குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பிரதிகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது எந்த எழுத்து சிதைகிறது என்று கண்டுபிடிக்கப் பழகுங்கள். சொல்லை உடைக்கும்போது அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. பல மென்பொருள்கள் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் கண்தான் பிடிக்க வேண்டும்.

அச்சகக் கணக்கும் தெரிய வேண்டும். ஒரு பெரிய தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதிதான் பாரம். 16 பக்கப் பாரமாக அச்சிடும் நூல் 165 பக்கத்தில் முடிகிறது என்று வையுங்கள். பத்துப் பாரத்துக்கு 160 பக்கம், மிச்சம் 5. அந்த ஐந்து பக்கத்துக்காகப் புதிய அச்சுத் தகடு (பிளேட்), கூடுதல் காகிதம், இயந்திரத்தில் மறுபடி ஓர் ஓட்டம். அத்தியாயத் தலைப்புகளின் இடைவெளியைச் சற்று இறுக்கி 160-க்குள் கொண்டுவரத் தெரிந்த பதிப்பாசிரியரை எந்தப் பதிப்பகமும் விடாது. எழுத்தையும் பாரத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் தமிழ்ப் பதிப்புலகில் இன்னும் நிறையத் தேவைப்படுகிறார்கள். அந்த இடத்துக்கு நீங்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அழைப்பிதழ் அச்சகம் நடத்துபவர், ஓசூர்: கைபேசியிலேயே பத்திரிகை அனுப்பிவிடுகிறார்கள். மகளை இந்தத் துறையில் படிக்க வைப்பது சரியா?

அழைப்பிதழ் வேலை குறைந்தது உண்மை. ஆனால் பெட்டியும் லேபிளும் கைபேசியில் போகாதே! கிருஷ்ணகிரி மாங்கூழ் டின்னுக்கு லேபிள் வேண்டும். ஓசூர்த் தொழிற்சாலைப் பொருள்களுக்குப் பெட்டி வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் படிப்பின் பெயரிலேயே பேக்கேஜிங் சேர்ந்திருப்பது அதனால்தான். இன்னொன்றும் உங்கள் ஊருக்கே உரியது: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே தாளில் அடுக்கிப் பழகிய கண். தெலுங்கு, கன்னடக் கூட்டெழுத்துகளில் இரண்டாவது மெய் வரிக்குக் கீழே இறங்கும். தமிழுக்கு விடும் வரி இடைவெளி அவற்றுக்குப் போதாது. இது கடையிலேயே வளர்ந்த உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சிறிய திறமை என்று நினைக்காதீர்கள்.

ஆசிரியை, காவேரிப்பட்டணம்: மாணவர்களின் கதைகளை நூலாக்குகிறோம். ஒவ்வொரு நூலையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என். பெற்றுத்தர ஓர் இடைத்தரகர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். இந்தியாவில் அந்த 13 இலக்க எண் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்தப் பணத்தைப் புத்தகத்தை நூலால் தைத்துக் கட்டச் செலவிடுங்கள்; பிள்ளைகள் பலமுறை புரட்டினாலும் தாள் உதிராது. காகிதத்தின் இழை ஓடும் திசை புத்தக முதுகுக்கு இணையாக இருக்கட்டும் என்று அச்சகத்தில் மறக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும்.