அமெரிக்காவில் துப்பாக்கி அதிகம் இருப்பதால்தான் வன்முறைக் குற்றமும் அதிகமா?

வன்முறைக் குற்றம் என்றால் கொலை மட்டுமல்ல. அடிதடி, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை எல்லாமே அதில் அடங்கும். இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் விடை பிடிபடும். அடிதடியில் மற்ற பணக்கார நாடுகளைவிட அமெரிக்கா பெரிதாக வேறுபடவில்லை. கொலையில்தான் வெகுதூரம் விலகி நிற்கிறது. 2021இல் அங்கு நடந்த கொலைகளில் சுமார் 80 விழுக்காடு துப்பாக்கியால் நடந்தவை.

காரணம், ஆயுதத்தின் கொல்லும் திறன். 1960களில் சிகாகோ காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் ஃபிராங்க்ளின் சிம்ரிங், கத்திக்குத்தைவிடத் துப்பாக்கிச்சூடு சுமார் 5 மடங்கு உயிர்பறிப்பதாகக் கண்டார். இத்தனைக்கும் இரண்டிலும் சண்டைக்கான காரணங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: வாய்த்தகராறு, குடிபோதை, குடும்பச் சண்டை. சைக்கிளில் வந்து மோதுபவரும் லாரியில் வந்து மோதுபவரும் செய்யும் தவறு ஒன்றே. அடிபட்டவர் கதி ஒன்றல்ல.

அதற்காகத் துப்பாக்கி எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாகவும் சொல்லிவிட முடியாது. 1991க்கும் 2014க்கும் இடையே கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. துப்பாக்கிகளோ பெருகிக்கொண்டுதான் இருந்தன. வறுமை, போதைப்பொருள் வணிகம், காவல்துறை செயல்படும் விதம் என்று வேறு பலவும் இதில் சேர்கின்றன. (இந்தப் பகுதியைத்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என இரு தரப்பினரும் வசதியாக மறந்துவிடுவார்கள்.)

பள்ளிகளில் நடக்கும் கூட்டுப் படுகொலைகளே துப்பாக்கிச் சாவுகளில் பெரும்பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 2021இல் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,800 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.