பெட்டி கட்டும் நேரத்தில் புயல்

மதிப்பிற்குரிய ஐயா,

ஹூஸ்டனில் 6 ஆண்டுகளாக வசிக்கிறேன். வட கரோலினாவின் ராலே நகரில் வேலை கிடைத்து, இந்த 2024 ஜூலை 22ஆம் தேதி பொறுப்பேற்க வேண்டும். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 8ஆம் தேதி அதிகாலை பெரில் சூறாவளி வந்தது. எங்கள் வீட்டுக்கு 5ஆம் நாள் மின்சாரம் திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டில் எழுபதைக் கடந்த தம்பதி. ஓக் மரம் கூரையில் சாய்ந்து, மின்கம்பியும் அறுந்து, இன்னும் இருட்டில் இருக்கிறார்கள். குடிவந்த நாள் முதல் எங்களைப் பிள்ளைகளாக நடத்தியவர்கள். இந்த நிலையில் அவர்களை விட்டுவிட்டு லாரியில் சாமான் ஏற்றுவதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. வேலையில் சேரும் நாளைத் தள்ளிப்போடலாமா? 2017இல் ஹார்வி சூறாவளியின்போது நீங்களும் இப்படித்தான் ஊர் மாறியதாக எழுதியிருந்தீர்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஹூஸ்டன்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஆறுதல் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை சொல்கிறேன். கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி அவர்கள் வீட்டைச் சேரும் இடத்தில் ஓர் இரும்புக் குழாய் நிற்கும். அது வளைந்தோ சுவரிலிருந்து பெயர்ந்தோ இருக்கிறதா என்று, கம்பியை நெருங்காமல் எட்ட நின்று பாருங்கள். அந்தக் குழாயும் மீட்டர் பொருத்தியிருக்கும் பெட்டியும் வீட்டுக்காரரின் பொறுப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளர் அவற்றைச் சரிசெய்து உரிய ஒப்புதல் பெறும்வரை மின் நிறுவனம் இணைப்புத் தராது. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போன ஒரு புயலில், தங்கள் முறை எப்படியும் வரும் என்று நம்பிக் காத்திருப்பது இயல்புதான், ஆனால் குழாய் பெயர்ந்த வீட்டுக்கு அந்த முறை தானாக வராது. மின்பணியாளரைத் தேடி நாள் குறிப்பது உங்களால் இன்றே முடியும். அதுவரை அவர்களை உங்கள் வீட்டில் உறங்கச் சொல்லுங்கள்; கட்டிய பெட்டிகளுக்கு நடுவே என்றாலும் ஜூலை வெயிலில் ஏசி ஓடும் அறை அந்த வயதில் உயிர்காக்கும் விஷயம். யாராவது ஜெனரேட்டர் இரவல் கொடுத்தால் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனி என் அனுபவம். ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் அருகே கரையைக் கடந்தது. ஹூஸ்டனை மூழ்கடித்தது மழைதான். டெக்சாஸின் நெடர்லாந்தில் 60 அங்குலத்துக்கும் மேல் பதிவாயிற்று. நகரின் மேற்கே 1940களில் வெள்ளத்தடுப்புக்காகக் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் நிரம்பிவர, 28ஆம் தேதி அதிகாலை மதகுகளைத் திறந்துவிட்டார்கள். மழை ஓய்ந்த பிறகும் பஃபலோ பாயூ ஓடையோரத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது அதனால்தான். நான் மேட்டுப்பகுதியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தேன். எதிரே பள்ளத்தில் தனியாக வசித்த மூதாட்டியின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். செப்டம்பர் 18ஆம் தேதி நான் சிகாகோவில் வேலைக்குச் சேர வேண்டும். ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அந்த வீட்டுக்கு ஆட்கள் திரண்டு வந்தார்கள். பாதிப்பேரை எனக்கு முன்பின் தெரியாது. தரையிலிருந்து 4 அடி உயரத்தில் சுவரில் கோடு போட்டு, அதற்குக் கீழிருந்த ஜிப்சம் பலகை முழுவதையும் அறுத்தெடுத்தோம். புதுப் பலகையின் அகலமும் 4 அடி என்பதால் பிறகு துண்டு போட வேண்டியிருக்காது என்று தச்சுவேலை தெரிந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வெப்பத்தைத் தடுக்கச் சுவருக்குள் அடைத்திருந்த இளஞ்சிவப்புப் பஞ்சு, தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. அந்த அம்மையாரோ எதையும் பார்க்காமல், திருமண ஆல்பம் ஊறிக்கிடந்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஈரமான படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. நல்ல தண்ணீரில் அலசி, இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறையவைத்தால், அவகாசம் கிடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். மற்றவர்களின் ஃப்ரீசர் எல்லாம் தெரிந்தவர்களின் உணவுப் பொருள்களால் நிறைந்திருந்தது. ஊரைக் காலிசெய்கிற என்னிடம்தான் வெறும் ஃப்ரீசர் இருந்தது. புறப்பட்ட அன்று அந்தப் பொதிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தேன்.

உங்களைப் போலவே நானும் குற்றவுணர்வோடுதான் சிகாகோவுக்குப் போனேன். ஆனால் அங்கே போன பிறகே என் உதவி அதிகம் தேவைப்பட்டது என்பதை நீங்கள் நம்ப வேண்டும். சுவர் அறுக்க வந்த கூட்டம் இரண்டு வாரத்தில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டது. அக்டோபரில் அம்மையாரின் நிவாரண விண்ணப்பத்துக்கு மறுப்புக் கடிதம் வந்தது. அவர் அதை இறுதித் தீர்ப்பு என்று எண்ணி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். தொலைபேசியில் வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது, காப்பீட்டுக் கடிதத்தின் நகல் ஒன்று சேரவில்லை என்பதுதான் விஷயம் என்று தெரிந்தது. அன்று ஹூஸ்டனில் எல்லோரும் களைத்திருந்தார்கள். உலர்ந்த வீடும் இணையமும் களைப்பில்லாத மனமும் தொலைவில் இருந்த எனக்கே வாய்த்திருந்தன.

உங்கள் அண்டை வீட்டாருக்கும் இதே வரிசைதான் காத்திருக்கிறது. டெக்சாஸில் புயற்காற்றுச் சேதத்துக்கு வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய பங்கைப் பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் சதவீதமாகக் கணக்கிடுகிறார்கள். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 6,000 டாலர் அவர்களுடையது. அந்தத் தொகையைத் தாமே தள்ளுபடி செய்வதாகச் சொல்லிக் கதவைத் தட்டும் கூரை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். 2019 முதல் அங்கே அது சட்டவிரோதம். கூட்டாட்சிப் பேரிடர் அமைப்பான ஃபீமாவுக்கு விண்ணப்பித்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதத்தைக் கேட்பார்கள். மறுப்பு வந்தால் கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் விண்ணப்ப எண்ணை எழுத வேண்டும். அவர்கள் சார்பில் நீங்கள் பேச எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவைப்படும். அதைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேதமடைந்த கூரையையும் உள்கூரைக் கசிவையும் இப்போதே படமெடுத்து, இருவர் கைபேசியிலும் வைத்திருங்கள்.

சேரும் நாளைப் பற்றி: ஒருமுறை வெளிப்படையாகக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் 22ஆம் தேதி போய்ச் சேருங்கள். உங்கள் குடும்பமும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது. போவதற்குள் அந்தத் தெருவிலேயே தங்கப்போகிற ஒருவரைப் பெரியவர்களிடம் நேரில் அழைத்துச்சென்று அறிமுகம் செய்யுங்கள். ஏணி ஏறித் தார்ப்பாயை இழுத்துக்கட்ட பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அதைத் தொலைபேசியில் செய்ய முடியாது. மற்றதற்கு வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ராலேயில் மாலை 7 மணி என்றால் ஹூஸ்டனில் 6. அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு முன் அழைத்து, அந்த வாரம் வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.